கீழேயிருந்து வீடு காட்டியவர்

எங்களுக்கு வீடு காட்ட வந்த முதல் நாளே அவர் காணாமல் போய்விட்டார்.

வாசல் பூட்டுப்பெட்டியில் எண்ணைத் தட்டிச் சாவியை எடுத்தார். கதவைத் திறந்து, "ஷூவ இங்கயே கழட்டிடுங்க" என்றார். நான் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு நிமிர்ந்தபோது ஆளில்லை. நானும் என் கணவன் சரவணனும் நேரே சமையலறைக்குப் போனோம். நடுவில் வெள்ளைக் கல் பதித்த பெரிய மேடை, மேலே தொங்கும் விளக்குகள், சிங்க்குக்கு எதிரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே சிவந்துகொண்டிருந்த மேப்பிள் மரம். சரவணன் மேடையைத் தடவிப் பார்த்தான். அவன் பொள்ளாச்சிக்காரன், எதையும் சட்டென்று பாராட்டிவிட மாட்டான். அன்று, "நல்லா இருக்குதல்ல?" என்று மெதுவாகக் கேட்டான்.

"கிச்சன் எங்கயும் ஓடிப் போயிடாது. ரெண்டு பேரும் முதல்ல கீழ வாங்க."

குரல் தரைக்கு அடியிலிருந்து வந்தது.

பேஸ்மென்ட்டில் ஆளுயரத் தகரப்பெட்டி ஒன்றின் முன்னால் டார்ச்சோடு நின்றுகொண்டிருந்தார். பக்கவாட்டுப் பிளவிலிருந்து ஒரு அட்டைச் சட்டத்தை உருவி எங்களிடம் காட்டினார். அதன்மேல் கம்பளி போல அழுக்கு படிந்திருந்தது.

"இதான் ஃபர்னஸ். உள்ள கேஸ் எரியும். அந்த நெருப்பு ஒரு இரும்புக் குழாய சூடாக்கும். இந்த ஃபேன் வீட்டுக்குள்ள இருக்கற குளுந்த காத்த இழுத்து, இந்த ஃபில்டர் வழியா விட்டு, அந்தக் குழாய் மேல ஓட்டி, டக்ட்ல ஏத்தி ரூம் ரூமா அனுப்பும். நெருப்போட புகை தனி வழியா வெளிய போயிடும். ரெண்டும் சேரவே கூடாது. சேந்தா அது வீடே இல்ல."

சரவணன் தலையாட்டினான். மேலே போகலாமா என்பது அவன் முகத்தில் இருந்தது.

"குழந்தைக்கு எந்த ரூம்னு நெனச்சிருக்கீங்க?"

போட்டோவில் பார்த்தே அதை முடிவு செய்து வைத்திருந்தோம். காரேஜுக்கு மேலே, பெரிய ஜன்னல் வைத்த அறை. அவர் எங்களை அங்கே அழைத்துப் போய், சாக்ஸோடு தரையிலிருந்த வென்ட் மேல் ஏறி நின்றார். பிறகு என்னை நிற்கச் சொன்னார். காற்று வந்தது. யாரோ தூரத்தில் ஊதியது போல வந்தது.

"காரேஜுக்கு ஹீட் கிடையாது. அது தலமேல இந்த ரூம். கீழேர்ந்து டக்ட் இவ்ளோ தூரம் வளஞ்சு வரணும். வந்து சேர்றதுக்குள்ள பாதி ஆறிடும். பெரியவங்கன்னா ரெண்டு ரஜாய் போட்டுப் படுத்துக்கலாம். கைக்குழந்தைக்கு வேண்டாம்மா."

திரும்பி வரும்போது காரில் சரவணன் கேட்டான்: "இவங்க வீடு விக்க வந்தாங்களா, விக்காம இருக்க வந்தாங்களா?"

அந்தக் கேள்வியை எங்களுக்கு முன்னாலும் பலர் கேட்டிருந்தார்கள். மத்திய நியூ ஜெர்சியில் வீடு தேடும் தமிழர்களுக்கு ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டான அவரைத் தெரியும். பின்னால் 'பேஸ்மென்ட் ஆன்ட்டி' என்பார்கள், முன்னால் வெறும் ஆன்ட்டி. ஐம்பதைத் தாண்டியவர், வேலூர்ப் பக்கம். குட்டையான உருவம், எப்போதும் ஒரு மெரூன் நிற கோட். கைப்பையில் டார்ச், மாற்று சாக்ஸ், ஒரு டப்பா முறுக்கு. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதல் வேலையாக, வீட்டுச் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கொஞ்சம் ஏற்றிவிடுவார். பிறகு கீழே இறங்கி, நெருப்பு பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்கிறதா என்று நிற்பார். கிளம்பும்போது ஞாபகமாகப் பழையபடி இறக்கி வைப்பார். "அடுத்தவங்க வீட்டுச் சூடு" என்பார்.

ஏன் எப்போதும் கீழேயிருந்து தொடங்குகிறார் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். வேலூர் வெயிலில் வளர்ந்தவருக்குக் குளிர் ஆகாது என்றார் ஒருவர். வந்த புதிதில் ஒரு குளிர்காலம் ஹீட்டர் இல்லாமல் கஷ்டப்பட்டாராம் என்றார் இன்னொருவர். நான் அவரிடமே கேட்டேன். முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்னார்.

"மேலேர்ந்து பாத்தா வீடு பிடிச்சுப் போயிடும்மா. பிடிச்சப்புறம் கீழ என்ன இருந்தாலும் சரின்னு மனசு சொல்லிக்கும். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை போட்டோ பாத்தா மாதிரி. அதனால பிடிக்கறதுக்கு முன்னாடி கீழ கூட்டிட்டுப் போயிடணும்."

அவ்வளவுதான் காரணம். கஷ்டப்பட்ட குளிர்காலக் கதை உண்மையா என்று கேட்டதற்கு, "எல்லாரும்தான் கஷ்டப்பட்டோம்" என்றார்.

அவர் கடைசியில் காட்டி நாங்கள் வாங்கிய வீடு வெஸ்ட் வின்ட்சரில், ரயில் நிலையத்திலிருந்து காரில் கொஞ்ச தூரம். சமையலறை சுமார்தான். வெப்பம் வெந்நீரில் வரும் வகை. கீழே ஒரு பாய்லர். எனக்கு பாய்லர் என்றால் சென்னையில் குளிப்பதற்கு வெந்நீர் போடும் செம்புப் பாத்திரம்தான் தெரியும். இதுவும் கிட்டத்தட்ட அதுதான் என்றார். தண்ணீரைச் சூடாக்கும், ஒரு பம்ப் அதைக் குழாயில் சுற்றவிடும், சுவரோரம் தரையை ஒட்டி ஓடும் நீளத் தகர மூடிக்குள் அந்தக் குழாய் போகும், குழாயைச் சுற்றியிருக்கும் மெல்லிய தகடுகள் சூட்டை அறைக்குள் விடும். காற்று வீசாது, தூசி பறக்காது. சூடாக நேரமாகும், ஆறவும் நேரமாகும். "ஆனா சோஃபாவ சுவத்துல ஒட்டிப் போடாத. அதோட வாய மூடின மாதிரி." எங்கள் குழந்தை நிலாவின் தொட்டிலைச் சரவணன் சுவரோரம் போட்டிருந்தான். கிரகப்பிரவேசத்தன்று பாலைக் காய்ச்சும் முன்னால் ஆன்ட்டி அதைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அப்போது எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லாத விசா. சரவணன் வாரக் கடைசியில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, நான் அவரோடு காரில் போக ஆரம்பித்தேன். அவருக்குப் பேச்சுத் துணை, எனக்கு வெளிக்காற்று. எத்தனையோ பேரின் பேஸ்மென்ட்டுகளை அப்படிப் பார்த்தேன். மேலே எப்படி வைத்திருந்தாலும் கீழே எல்லோரும் ஒன்றுதான். பழைய சூட்கேஸ், கொலுப்படி, யாரும் ஓடாத ட்ரெட்மில்.

ஒரு தடவை கோபிசெட்டிபாளையத்துக் குடும்பம் ஒன்றுக்கு நூறு வயதைத் தொட்ட பழைய வீடு ஒன்றைக் காட்டினோம். வீடு வாங்க வந்த பையனின் அம்மாவும் ஊரிலிருந்து வந்து கூட இருந்தார். ஆன்ட்டி வழக்கம்போலத் தெர்மோஸ்டாட்டை ஏற்றிவிட்டுக் கீழே இறங்கினார். கொஞ்ச நேரத்தில் மாடி அறையிலிருந்து டணார் டணார் என்று சத்தம். யாரோ சம்மட்டியால் அடிப்பது போல. பையனின் அம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊட்டுக்குள்ள யாரோ தட்டறாங்க கண்ணு. வேற ஊடு பாத்துக்கலாம்."

விற்பவர் தரப்பு ஏஜென்ட் ஒரு வெள்ளைக்காரப் பெண். பழைய வீட்டின் அழகே இதுதான் என்கிற மாதிரி ஏதோ சொல்லிச் சிரித்தாள். ஆன்ட்டி மேலே வந்து, ஜன்னலுக்குக் கீழே நின்ற இரும்பு ரேடியேட்டரின் காலருகே குனிந்து பார்த்தார்.

"இது ஸ்டீம்மா. கீழ பாய்லர்ல தண்ணி கொதிக்குது. ஆவி குழாய் வழியா மேல ஏறி இதுக்குள்ள வரும், சூட்டக் குடுத்துட்டுத் தண்ணியாயிடும். அந்தத் தண்ணி வந்த வழியே கீழ எறங்கணும்."

"இட்லிச் சட்டி மூடியில தண்ணி சொட்டறாப்பலங்களா?" என்றார் பையனின் அம்மா.

"அதேதான். இப்ப இது பின்பக்கமா சாஞ்சு நிக்குது. தண்ணி எறங்க வழியில்லாம உள்ளயே தேங்கிடுது. கீழேர்ந்து வேகமா வர்ற ஆவி அந்தத் தண்ணிய அடிக்குது. அதான் சத்தம்."

"அப்ப குழாப்பக்கம் சாய்வா வெச்சுப்போட்டா தண்ணி தன்னால எறங்கிக்கும்ங்க."

ஆன்ட்டி அந்த அம்மாவைப் பார்த்த பார்வையில் இருந்த சந்தோஷத்தை வேறு எந்த வீட்டிலும் நான் பார்த்ததில்லை. அந்தக் குடும்பம் அந்த வீட்டையே வாங்கியது. ரேடியேட்டரின் காலுக்கு அடியில் மரத்துண்டு வைத்ததும் சத்தம் குறைந்துவிட்டதாகவும், பையனின் அம்மா அதன்மேல் துணி காயப்போடுவதாகவும் பிறகு கேள்விப்பட்டோம்.

எல்லாம் சரியாகச் சொல்லிவிடுவார் என்றும் இல்லை. ஹீட் பம்ப் விஷயத்தில் அவர் தவறாகச் சொன்னார். நெருப்பே இல்லாமல், கரண்ட்டில் ஓடும் வகை அது. நம் ஊர் ஏசி உள்ளேயிருக்கும் சூட்டை எடுத்து வெளியே தெருவில் போகிறவர் மேல் ஊதுகிறதே, அதைத் திருப்பிப் போட்டது போல. வெளியே இருக்கும் கொஞ்சநஞ்சச் சூட்டைத் திரட்டி உள்ளே கொண்டு வரும். "வெளிய ஐஸா கெடக்கறப்போ அங்க ஏது சூடு?" என்று ஆன்ட்டி நம்ப மறுத்தார். ஒரு பையன் அப்படிப்பட்ட வீடு ஒன்றுக்கு மிகவும் ஆசைப்பட்டான். கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்துப் பேசிப் பேசி வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்.

அடுத்த வருடம் தை மாதம் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தோம். வெளியே மூக்கு மரத்துப் போகும் குளிர். உள்ளே எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். ஆன்ட்டி வீட்டுக்காரரிடம் ஹீட்டிங் எது என்று கேட்டார். ஹீட் பம்ப் என்றார் அவர். ஆன்ட்டி பட்டுப்புடவையோடு, மேலே கோட்டை மாட்டிக்கொண்டு, பின்பக்கத்துப் பனியில் இறங்கி, ஓடிக்கொண்டிருந்த மெஷின் முன்னால் நின்றார். அதிலிருந்து குப்பென்று வெள்ளையாகப் புகை மாதிரி எழுந்ததும் எரிகிறது என்று நினைத்துப் பின்வாங்கினார். மேலே படிந்த பனியை அது தானாகவே உருக்கிக்கொள்கிறது, அது ஆவிதான் என்று வீட்டுக்காரர் விளக்கினார். ஆன்ட்டி அங்கேயே நின்றபடி அந்தப் பையனுக்குப் போன் போட்டார்.

"தம்பி, அந்த வீடு வேண்டாம்னு சொன்னேன்ல. நான் சொன்னது தப்பு. இந்தக் குளிர்லயும் நல்லாதான் வேல செய்யுது."

அவன் ஏதோ சொன்னான்.

"பரவால்லன்னு சொல்லாத. ஆசப்பட்டுத்தானே கேட்ட."

அதற்குப் பிறகு ஹீட் பம்ப் வீடு காட்டும்போதெல்லாம் இந்தக் கதையை அவரே சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வார். வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் குணத்தில் எனக்குப் புரிய நாளானது அதுதான். உண்மையைச் சொல்ல எந்த இடம் நல்ல இடம், எந்த இடம் கெட்ட இடம் என்றெல்லாம் அவர் பார்ப்பதில்லை. தனக்கு எதிரான உண்மைக்கும் அதே கணக்கு.

அதனால்தான் ராதா ஆன்ட்டி என்ற நெடுநாள் தோழியை அவர் இழந்தார்.

இருவரும் கல்யாணமாகி ஒரே வருடம் அமெரிக்கா வந்தவர்கள். ஒரே அபார்ட்மென்ட் வளாகத்தில் எதிரெதிர் வீடு. ஒருவர் பிரசவத்துக்கு மற்றவர் பத்தியச் சமையல் செய்தவர்கள். ராதா ஆன்ட்டியும் அவர் கணவரும் பிறகு பிரிட்ஜ்வாட்டரில் பெரிய தோட்டம் வைத்த வீடாகப் பார்த்து வாங்கினார்கள். பிள்ளை வளர்ந்து மேற்குக் கரையில் பே ஏரியாவுக்கு வேலைக்குப் போனபின், அதை விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்குப் போக முடிவு செய்தார்கள். விற்றுத் தர வேறு யாரைக் கேட்பார்கள்? அன்று நானும் கூடப் போயிருந்தேன். தோட்டத்தைப் பார்த்த மரத்தளமான டெக்கில் உட்கார்ந்து காபி குடித்தோம்.

"கீழ போய்ப் பாக்கலயா?" என்று ராதா ஆன்ட்டி கிண்டலாகக் கேட்டார்.

"உன் வீட்டுக் கீழ எனக்குத் தெரியாதா? டேங்க் எடுத்தாச்சா?"

அந்த வீடு முதலில் ஆயிலில் ஓடியது. தோட்டத்துக்கு அடியில் பெரிய இரும்புத் தொட்டி புதைத்து, லாரி வந்து எண்ணெய் நிரப்பிவிட்டுப் போகும். அந்த எண்ணெயில்தான் பாய்லர் எரியும். தெருவுக்கு கேஸ் வந்ததும் பாய்லரை மாற்றினார்கள். தொட்டியை அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் நிறையப் பேர் அப்படித்தான் விட்டார்கள். மண்ணுக்குள் இரும்பு துருப்பிடித்து, மிச்ச எண்ணெய் கசிந்தால் தோட்டத்தையே தோண்டி மண்ணை அள்ள வேண்டியிருக்கும்.

"அது யாருக்குத் தெரியப்போகுது? புல்லு மொளச்சாச்சு" என்றார் ராதா ஆன்ட்டி.

"எனக்குத் தெரியும்டி. லாரிக்காரன் ஹோஸ இழுத்துட்டுப் போறப்போ இதே டெக்லதான் நாம உக்காந்திருந்தோம். முதல்ல அதத் தோண்டி எடுத்துடு. இல்ல, இருக்குன்னு எழுதிக் குடு. ரெண்டுல ஒண்ணு இல்லாம நான் விக்க மாட்டேன்."

"நீ எனக்கு ஃபிரெண்டா, வாங்க வர்றவனுக்கு ஃபிரெண்டா?"

"வாங்க வர்றவ கைக்குழந்தையோட வருவா. அவ தோட்டத்துல அத விட்டுட்டு நீ நிம்மதியா தூங்குவியா?"

ராதா ஆன்ட்டி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தோம். அவர் திரும்பி வரவில்லை.

வீடு வேறு ஏஜென்ட்டிடம் போனது. வாங்க வந்தவர்கள் மண்ணுக்கடியில் இரும்பைத் தேடும் கருவியோடு ஆள் வைத்துப் பார்த்ததில் தொட்டி அகப்பட்டது. கசிந்தும் இருந்தது. தோட்டம் முழுவதையும் தோண்டினார்கள். வாங்க வந்தவர்கள் விலகிவிட்டார்கள். மண்மேடுகளுக்கு நடுவே அந்த வீடு பல மாதங்கள் விற்காமல் நின்றது. போட்டுக் கொடுத்தது ஆன்ட்டிதான் என்று கோயிலில், பிறந்தநாள் விருந்துகளில், எல்லா இடத்திலும் பேச்சு. ராதா ஆன்ட்டி அதை மறுக்கவில்லை. நம்பினார் என்றே நினைக்கிறேன். சிலர் ஆன்ட்டியிடம் வீடு பார்ப்பதை நிறுத்தினார்கள்.

ஒரு நாள் காரில் கேட்டுவிட்டேன். "நீங்க சொன்னீங்களா ஆன்ட்டி?"

"இல்லம்மா. அது என் லிஸ்டிங் இல்ல, விக்கறது வேற ஏஜென்ட். அவங்களே கண்டுபிடிச்சாங்க."

"அப்ப எல்லார்கிட்டயும் சொல்ல வேண்டியதுதானே, நான் இல்லன்னு?"

சிக்னல் பச்சையாகி, பின்னால் நின்ற கார் ஹாரன் அடித்தபிறகுதான் வண்டியை எடுத்தார்.

"நான் சொல்லலன்னு ஊரெல்லாம் மறுத்தா, சொல்லியிருந்தா தப்புன்னு ஆயிடும்ல."

நாலைந்து வருடம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. கோயிலில் ஒருவர் கிழக்கே நின்றால் மற்றவர் மேற்கே. இதற்குள் எனக்கு வேலை அனுமதி கிடைத்து, ஆன்ட்டியோடு வீடு பார்க்கப் போவது குறைந்துவிட்டது.

ஒரு ஜனவரியில் ராதா ஆன்ட்டியின் கணவர் மாரடைப்பில் இறந்துபோனார். பிள்ளை பே ஏரியாவிலிருந்து வந்து சேர வேண்டும், உடல் ஃப்யூனரல் ஹோமில் இருந்தது, தகனம் மறுநாள். நான் கிளம்பும்போது ஆன்ட்டி போன் செய்தார். "என்னையும் கூட்டிட்டுப் போறியா? எனக்கு வண்டி ஓட்டற நெலம இல்ல."

புது வீடு சின்னதுதான். வாசலில் பனியோடு செருப்பும் பூட்ஸும் குவிந்து கிடந்தன. ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்ததால் கதவு மூடவே இல்லை. மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ராதா ஆன்ட்டி கார்ப்பெட்டில் சுவரோரமாக, சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடம்பு நடுங்கியது. பக்கத்திலிருந்தவர்கள் தோளைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்தார். ஆன்ட்டியை ஒரு கணம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆன்ட்டி நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு குனிந்து, சுவரோரத் தகர மூடியைப் புறங்கையால் தொட்டார். மறுபடி தொட்டார். அறையைக் கடந்து பேஸ்மென்ட் கதவைத் திறந்தார்.

"எங்க போறீங்க?" என்று ராதா ஆன்ட்டியின் தம்பி கேட்டார். குரலில் பழைய கதை இருந்தது.

"ஹீட் வரலப்பா. அவ நடுங்கறா பாரு."

படியின் தலைப்பில் சுவரில் இரண்டு சுவிட்சுகள். ஒன்று விளக்குக்கு. இன்னொன்றின் தகடு சிவப்பு. அது பாய்லரை ஆபத்து நேரத்தில் நிறுத்துவதற்கானது. காலையில் கீழேயிருந்து நாற்காலி எடுத்து வந்த யாரோ விளக்கென்று நினைத்து அதை அணைத்திருந்தார்கள். வீடு மெதுவாக ஆறிக்கொண்டே வந்ததை, கதவு திறந்திருக்கும் குளிர் என்றும் துக்கத்தின் நடுக்கம் என்றும் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆன்ட்டி சுவிட்சைப் போட்டார். கீழே ஏதோ முனகியது, பிறகு பக்கென்று பற்றிக்கொண்டது.

அத்தோடு மேலே வந்திருக்கலாம். அவர் இறங்கிப்போய் பாய்லருக்குப் பக்கத்திலிருந்த அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். நானும் போனேன். ஒரு குழாயைத் தொட்டுப் பார்த்தார், பிறகு இன்னொன்றை.

"போற குழாய் ஒடனே சூடாயிடும். திரும்பி வர்ற குழாய் சூடாகணும். அப்பதான் வீடு முழுக்கப் போய்ட்டு வந்திருக்குன்னு அர்த்தம். இரு, பாத்துட்டுப் போலாம்."

உட்கார்ந்திருந்தோம். தலைக்கு மேலே காலடிச் சத்தங்கள்.

"அவர்தான் எனக்குக் கார் ஓட்டக் கத்துக் குடுத்தாரு" என்றார். "எங்க வீட்டுக்காரருக்குப் பொறும கிடையாது. இவரு பக்கத்துல உக்காந்து, ஒரு வார்த்த கடுமையா சொன்னதில்ல." குழாயின்மேல் கையை வைத்தபடியே அழுதார். மேலே அவர் அழவில்லை.

திரும்பி வரும் குழாய் சூடானதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மேலே தகர மூடிகள் விரிந்து டிக் டிக்கென்று சத்தம் போட ஆரம்பித்திருந்தன. துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பும் வழக்கமில்லை. ஆன்ட்டி யாரையும் பார்க்காமல் வாசலுக்குப் போய், குவியலில் தன் பூட்ஸைத் தேடினார்.

காலையிலிருந்து யாரிடமும் வாய் திறக்காத ராதா ஆன்ட்டி சொன்னார்:

"சொல்லாமப் போறது வழக்கம்தான். உனக்கு வசதியாப் போச்சு. வந்து உக்காரு."

ஆன்ட்டி ஒரு காலில் பூட்ஸோடு நின்றார். அதைக் கழற்றிவிட்டு வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். ராதா ஆன்ட்டி சால்வையின் ஒரு முனையைத் தள்ளிவிட்டார். இருட்டும்வரை அப்படியே இருந்தார்கள். நான் தனியாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

தொட்டியைப் பற்றி அவர்கள் அதன்பிறகு பேசினார்களா என்று எனக்குத் தெரியாது. ராதா ஆன்ட்டிக்கு முதல் வருடம் முழுவதும் சனிக்கிழமைச் சாப்பாடு ஆன்ட்டி வீட்டில் என்பது மட்டும் தெரியும். அந்த வீட்டில் தெர்மோஸ்டாட் ஆன்ட்டியின் கணவர் கையில். அவருக்குப் புழுக்கம் ஆகாது. அதனால் எப்போது போனாலும் இருவரும் ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

ஆன்ட்டியும் கணவரும் இப்போது டெக்சாஸில், டாலஸ் பக்கம், மகள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார்கள். போன குளிர்காலத்தில் அங்கே ஐஸ் மழை பெய்வதாகச் செய்தியில் பார்த்து நான் போன் செய்தேன். ராதா ஆன்ட்டி அங்கே போய் ஒரு மாதம் தங்கியிருந்த சமயம்.

"வீட்ல ஹீட் வருதா ஆன்ட்டி?"

"அதத்தாம்மா பாத்துட்டிருக்கேன். காத்து வருது, சூடா வரல. இந்த ஊர்ல வீட்டுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல தெரியுமா? வெறும் தரைதான். ஃபர்னஸத் தூக்கிக் கூரைக்கடியில, அட்டிக்ல வச்சிருக்கான். ஏணியில ஏறணும். மாப்பிள்ளை ஆபீஸ் போயிட்டாரு. என் முட்டி மடங்கல."

"அய்யோ, நீங்க ஏறாதீங்க."

"நான் எங்க ஏறினேன்? அவள ஏத்தி விட்டிருக்கேன்."

போனைத் தள்ளிப் பிடித்து மேலே பார்த்துக் கத்தினார். "என்னடி தெரியுது அங்க?"

தூரத்தில், உயரத்திலிருந்து ராதா ஆன்ட்டியின் குரல் வந்தது.

"ஒரே இருட்டு. ஏதோ சின்னதா ஒரு லைட்டு விட்டு விட்டு எரியுது."

"எத்தன தரம்னு எண்ணிச் சொல்லு. அத வச்சுத்தான் என்ன கோளாறுன்னு தெரியும்."

"எண்றேன், இரு. நடுவுல பேசாத."

"நான் அப்பறம் பேசறேம்மா" என்று என்னிடம் சொன்னார். "ஏணியப் பிடிச்சுக்கணும்."